பந்தைப் பின்னால் அனுப்பியவரின் விரல்

அருவியோசை நீங்காத ஆலயத்தில் உறையும் அறப்பளீசுவரர் திருவடி துணை.

ஆடிப்பெருக்கு நன்னாளாகிய இன்று, பிசியோதெரபி பயிலும் பிள்ளைகளுக்காக, எங்கள் மலையின் வளப்பூர் நாட்டிலிருந்து இதனை எழுதுகிறேன்.

அமெரிக்காவில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்நாட்டுக் கால்பந்தில், தொழில்முறை அணியொன்றில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆட்டத்தில் லாங் ஸ்னாப்பர் என்றொரு பணி உண்டு. பந்தை உதைக்க வேண்டிய வேளையில் மட்டும் அவர் களமிறங்குவார். குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் வீசுவார். மண்டியிட்டிருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்த, கிக்கர் அதைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பார். பந்தின் தையலில் கால் பட்டால் உதை தவறும்; அதனால் தையல் கிக்கருக்கு மறுபக்கம் நிற்கும்படி சுழற்றி வீச வேண்டும். அணிக்கு ஒருவரே இப்பணியில் இருப்பார்.

இதை என் அண்ணனிடம் தொலைபேசியில் விளக்கியபோது அவர் சிரித்தார்.

“ஏனப்பா, குனிஞ்சு பந்தைப் பின்னால தள்ளறதுக்கு ஒரு சம்பளமா? நம்மூட்டு எருமைகூடச் செய்யுமே!”

“தப்பா வந்தா, உதைக்கிறவரு பேருதானுங்க அண்ணா கெட்டுப்போகும்.”

“அப்ப மொளகு பறிக்கையில ஏணி புடிக்கிற ஆளுன்னு சொல்லு.”

அண்ணன் சொன்னது சரி. எங்கள் தோட்டத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைக் கீழே பிடிப்பவர் “ஏறு சாமி” என்று சொல்லும்வரை மற்றவர் அதில் கால் வைப்பதில்லை. கை தளர்ந்திருந்தால் அதை முன்பே சொல்லி விலகுவதும் வழக்கம்.

எங்கள் அணியின் ஸ்னாப்பர் டேனியல் பல ஆண்டு அனுபவம் உடையவர். ஒருநாள் பயிற்சியில் அவருடைய ஆள்காட்டி விரலின் தசைநாண் கிழிந்தது. மறுநாள் காலை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“டேப் சுத்தி விடுங்க, டாக்டர். யாருகிட்டயும் சொல்லாதீங்க. இந்த வருஷத்தோட என் காண்ட்ராக்ட் முடியுது. இன்னொருத்தன் வந்து நல்லாப் போட்டுட்டா, அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்?”

டேப்புடன் வீசிப் பார்த்தார். தையல் பலமுறை கிக்கரை நோக்கியே நின்றது. ஹோல்டர் அதை விரலால் திருப்பிக்கொண்டே, “என்னடா, இன்னைக்குப் பந்து எம்மேல கோவமா இருக்கு?” என்றார். டேனியலும் சிரித்தார், காரணத்தைச் சொல்லவில்லை.

அறைக்குத் திரும்பியதும், “மாலைக்குள் நான் பயிற்சியாளரிடம் தெரிவித்தாக வேண்டும். அதற்கு முன் நீங்களே சொல்லலாம்” என்றேன். ஏணி வழக்கத்தையும் சொன்னேன்.

அவர் விரலைப் பார்த்தபடி, “அப்படிச் சொல்லிட்டு விலகினவனை, மறுபடி ஏணி புடிக்கக் கூப்பிடுவாங்களா?” என்று கேட்டார்.

“எங்கள் ஊரில் கூப்பிடுவார்கள். இங்கே எப்படியென்று எனக்குத் தெரியாது.”

டேப்பைத் தாமே பிரித்தெறிந்துவிட்டு எழுந்து போனார். பயிற்சியாளர் அவரிடம், “சரி, வேற ஆளைப் பாக்கறோம்” என்றாராம், அவ்வளவுதான்.

புதியவர் வந்தார். டேனியல் விரல்கட்டோடு அவர் அருகில் நின்று, ஹோல்டருக்குப் பந்து எந்த உயரத்தில் வர வேண்டுமென்று காட்டினார். அந்த வாரப் போட்டி கடைசி உதையில் முடிவாகும் நிலைக்கு வந்தது. பந்து கம்பங்களுக்கு நடுவே சென்றது. அரங்கம் முழுவதும் கிக்கரின் பெயரைக் கூவியது. டேனியல் என் பக்கம் திரும்பி, “தையல் சரியா நின்னுச்சு, பாத்தீங்களா?” என்றார். நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

டேனியலின் ஒப்பந்தத்தை அணி புதுப்பிக்கவில்லை. வேறு அணியும் அழைக்கவில்லை.

இதைக் கேட்ட அண்ணன், “அந்த ஆளை நம்மூருக்கு வரச் சொல்லு கண்ணு. அவரு ஏணியப் புடிக்கட்டும், நான் ஏறறேன்” என்றார்.

பிள்ளைகளே, நோயாளியின் பிழைப்பு உங்கள் சொல்லில் தொங்கும் நாள் வரும். அன்று பொய்யான ஆறுதல் சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இதை வாசிக்கும் அனைவருக்கும், தாங்கும் கை தளராதிருக்கவும், தளர்ந்த நாளில் அதைச் சொல்லும் துணிவு வாய்க்கவும் ஈசன் அருள்வானாக.