கேஷியரின் மொட்டைத் தலை

"பேங்க் கேஷியருக்குப் புற்றுநோயாம்ணே, பேசிக்கிறாங்க," என்றார் நாற்காலியில் இருந்த டெய்லர். சலூன்காரரின் கத்தரி நின்றது.

"யாரு சொன்னது?"

"நல்லா கேட்டீங்க போங்க! மொட்டையடிச்சு ஸ்டேட்டஸ்ல போட்டதே நீங்கதானே? அதைப் பார்த்துட்டுத்தான் ஆளாளுக்குத் தோண்டிட்டாங்க."

சிகிச்சையில் முடி கொட்டுமுன் வழித்துவிடச் சொன்ன கேஷியர், "எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்ணே, நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். சலூன்காரர் தன் மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் எல்லாத் தலையையும் படமெடுத்துப் போடும் பழக்கத்தில், கை தன்பாட்டுக்கு இதையும் போட்டுவிட்டது. படமும் அழகாகத்தான் விழுந்திருந்தது, கேஷியர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் அந்தப் படத்தை அழித்தார். அம்மாவின் காதுக்கு எட்டுமுன் மகன் முந்திக்கொள்ள வேண்டுமே என்ற பதற்றத்தில், டெய்லரின் தலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கேஷியரை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.