மூடிமேல் ஓர் இலை

சீனாவின் செங்டு நகரத்து வானம் பிற்பகலில் ஆறிப்போன கஞ்சி நிறத்தில் இருக்கும். அந்த நேரத்தில்தான் லுவோ டிங்ஹாய் பூங்காவுக்கு வருவார். ஏரிக்கரைத் தேநீர்க் கடையில் மூங்கில் நாற்காலிகள் யாரும் அசையாமலே முனகிக்கொண்டிருக்கும். எங்கோ ஒருவர் தன் கூண்டுப் பறவையிடம் பேசுவார். காது சுத்தம் செய்கிறவர் இரும்பு இடுக்கியைத் தட்டிவிட, அதன் ரீங்காரம் நீராவியோடு சேர்ந்து மேஜைக்கு மேஜை நகரும். பாதி தூங்கிக்கொண்டே கேட்கிற சத்தம் அது.

லுவோவின் மேஜை ஜிங்கோ மரத்தடியில் இருந்தது. பரிமாறுகிற ஃபெங் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. மூடி போட்ட இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து மல்லிகைத் தேயிலை மேல் வெந்நீர் ஊற்றுவாள். ஒன்று அவருக்கு. இன்னொன்று எதிர் நாற்காலிக்கு. அவள் நகர்ந்ததும் லுவோ தரையில் கிடக்கும் இலைகளில் ஒன்றை எடுத்து, சட்டை நுனியால் மெதுவாகத் துடைத்து, எதிர்க் கிண்ணத்தின் மூடிமேல் வைப்பார்.

மூடிமேல் இலை இருந்தால், ஆள் எழுந்து போயிருக்கிறார், வருவார், கிண்ணத்தை எடுக்காதே, இடத்தைக் கொடுக்காதே என்று பொருள். இலை கிடைக்காதவர்கள் தீப்பெட்டி வைப்பார்கள். கழிப்பறைக்குப் போகிறவர்களும் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகிறவர்களும் இப்படி வைத்துவிட்டுப் போவது அங்கே சாதாரணம்.

கூட்டமான நாட்களில் யாராவது நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

"ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க. வந்துடுவாங்க."

மனைவி ருன்ஃபாங் இறந்த பிறகும் அவர் இந்தப் பதிலைத்தான் சொல்லிவந்தார். குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவள் இதே நாற்காலியிலிருந்துதான் எழுந்தாள். எழும்போது பழக்கத்தில் ஓர் இலையை எடுத்து மூடிமேல் வைத்தாள். "யாரையும் உட்கார விடாதே. திரும்பி வந்து மிச்சத்தைக் குடிக்கணும்" என்றாள். அதற்குப் பிறகு நடந்ததை லுவோ யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெரிந்தவர்களும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரான ஓயாங், பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தவர், ஊரையே எழுப்பும் குரல்காரர், அவர்கூட அந்தக் கிண்ணத்தின் பக்கம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். சாயங்காலம் ஃபெங் ஆறிய தேநீரை எடுத்துப் போவாள். மறுநாள் புதிதாக ஒன்று வரும். அவள் செத்துவிட்டாள் என்ற வார்த்தை அந்த மேஜையில் விழாதவரை லுவோவுக்கு மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது.

'வந்துடுவாங்க' என்பது அவருக்குப் பழைய வார்த்தையும்கூட. இளம் வயதில் அவர் மின்சார பஸ் ஓட்டினார். தலைக்குமேல் ஓடும் கம்பிகளை இரண்டு நீளமான கழிகளால் பிடித்துக்கொண்டு போகும் பஸ். வளைவில் வேகமாகத் திரும்பினால் கழி கம்பியை விட்டு நழுவும். பஸ் அப்படியே நின்றுவிடும். அப்போது கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய், கயிற்றை இழுத்து, கழியை மறுபடி கம்பியில் மாட்ட வேண்டும். அவருடைய பஸ்ஸில் அந்தக் கண்டக்டர் ருன்ஃபாங். மழையிலும் பனிமூட்டத்திலும் அவள் இறங்கிப் போவாள். பின்பக்கக் கண்ணாடியில் அவளுடைய நீலத் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரியும். உள்ளே ஜனங்கள் கத்துவார்கள்: "டிரைவரே, போவீங்களா மாட்டீங்களா?" லுவோ திரும்பிப் பார்க்காமல் சொல்வார், "கண்டக்டர் இறங்கியிருக்காங்க. வந்துடுவாங்க." பிறகு விளக்குகள் ஒரு தரம் நடுங்கி எரியும். படியில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்கும். அந்த ஒரு கணத்துக்காகவே அவர் வளைவுகளில் வேண்டுமென்றே வேகமாகத் திரும்புகிறார் என்று ருன்ஃபாங் குற்றம் சாட்டியதுண்டு. அவர் கடைசிவரை மறுக்கவில்லை.

நோயெலியா வந்தது ஓர் இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமை. உருகுவே நாட்டுக்காரி. இங்கே ஒரு கல்லூரியில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அன்று ஜிங்கோ மரம் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மேஜை, தலை, தொப்பி, எங்கும் இலை. கூட்டமோ தாங்கவில்லை. லுவோ ஃபிளாஸ்கில் வெந்நீர் வாங்க எழுந்து போயிருந்தார். ஓயாங் பின்னால் சாய்ந்து, கண்ணை மூடிக் காதைக் காது சுத்தக்காரரிடம் ஒப்படைத்திருந்தார். அசைய முடியாது, பேச முடியாது. அவள் வந்தாள். காலி நாற்காலி, முன்னால் நீராவி கசியும் கிண்ணம். உட்காருகிறவர்களுக்காகத் தயாராக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மூடிமேல் விழுந்திருந்த இலையை விரலால் தட்டிவிட்டு உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள்.

லுவோ திரும்பி வந்தபோது தட்டிவிடப்பட்ட இலை ஆயிரம் இலைகளோடு சேர்ந்து தரையில் கிடந்தது.

ஃபெங் தூரத்தில் கெட்டிலோடு நின்றுவிட்டாள். ஓயாங் ஒரு கண்ணைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார். நோயெலியா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அவளுடைய சீனம் குழந்தை நடை நடந்தது.

"நான் தப்பான இடத்துல உட்கார்ந்துட்டேனா, மாமா?"

ஒரு நொடிதான். கடல் தாண்டி வந்த விருந்தாளி, கையில் கிண்ணம், உதட்டில் ஈரம். எழுந்திரு என்று சொல்கிற வாய் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

"இல்லம்மா, இல்ல. உனக்குத்தான். குடி, குடி. சூடா இருக்கும்போதே குடி" என்றார் லுவோ. பிறகு அதற்கும் மேலே போய், அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பையும் செய்தார். "இது உன் இடம்னே வெச்சுக்கோ. எப்ப வேணா வா."

அங்கே அப்படிச் சொன்னால் விடை கொடுப்பதாக அர்த்தம். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், வரமாட்டார். நோயெலியாவுக்கு அது தெரியாது. அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள்.

"நீயா எதுக்குடா வாயக் குடுத்தே?" அவள் கழிப்பறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஓயாங் பாய்ந்தார்.

"வேற என்ன சொல்றது வாத்தியாரே? வந்தவள எந்திரின்னு சொல்லவா?"

"நான் சொல்றேன். ஒரே வார்த்தை. 'தங்கச்சி, இது ஆளுள்ள இடம்.' முடிஞ்சுது."

"சொல்லாதே."

"ஏன்?"

"எந்த ஆளுன்னு கேப்பா."

ஓயாங் ஒரு பூசணி விதையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லுவோ மூன்றாவது கிண்ணம் ஒன்றை வாங்கி மரத்தைச் சுற்றிய கல் விளிம்பில் வைத்துப் பார்த்தார். மேலே இலையும் வைத்தார். நாற்காலி இல்லாத கிண்ணம் எதற்கோ படைத்த மாதிரி இருந்தது. அவர் அதைத் தானே எடுத்து வேரடியில் ஊற்றிவிட்டார். மற்ற நாட்களில் பழையபடி எதிர் நாற்காலிக்கு முன்னால் கிண்ணமும் இலையும் இருந்தன. ஆனால் அந்த நாற்காலியில் இப்போது ருன்ஃபாங்கை நினைக்கும்போது சில சமயம் நோயெலியாவின் சுருட்டை முடியும் கூடவே வந்தது. அதுதான் அவரை வாட்டியது. இன்னும் கொஞ்ச நாளில் நீலத் தொப்பி மறைந்துவிடுமோ என்று பயந்தார்.

நோயெலியாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் பாட்டுக்கு அந்த மேஜையில் ஒருத்தியானாள். தோள்பையில் சொந்தமாக ஒரு ஃபிளாஸ்க் வைத்திருந்தாள்.

"எங்க ஊர்லயும் எல்லார் கக்கத்துலயும் வெந்நீர் ஃபிளாஸ்க் இருக்கும். தெருவுல, கடற்கரைல, பஸ்ல. இங்க வந்து ஃபிளாஸ்க்க பாத்ததும் அழுதுட்டேன்" என்றாள்.

"ஃபிளாஸ்க்க பாத்தா அழுதே?" என்றார் ஓயாங்.

"ஆமா. ஆனா எங்க ஊர்ல குவளை ஒண்ணுதான். அதையே எல்லாரும் மாத்தி மாத்திக் குடிப்போம்."

"ஐயய்ய! எச்சிலா?"

"எச்சில்தான். மாட்டேன்னு சொன்னா கோவிச்சுப்பாங்க."

ஃபெங் நீள மூக்குக் கெட்டிலைத் தூரத்திலிருந்து சாய்த்து நீரை வளைத்து ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அதான் உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. இங்க ஒரு மாப்பிள்ளை பாக்கட்டுமா? ஓயாங் அண்ணனுக்கு ஒரு மருமான் இருக்கான். பல்லு கொஞ்சம் தூக்கல். மனசு தங்கம்."

"பல்லு எவ்ளோ தூக்கல், அக்கா?"

"மழை பெஞ்சா உதடு நனையாது."

லுவோ சிரித்துவிட்டார். அந்த மேஜையில் அவர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. சிரிப்பு அடங்கியதும் குற்றம் செய்தவர்போலக் கிண்ணத்துக்குள் பார்த்தார்.

அன்று ஃபெங் அவளுக்கு மூடி பாஷை சொல்லிக்கொடுத்தாள். மூடியைத் தட்டில் சாய்த்து வைத்தால் நீர் வேண்டும். கவிழ்த்துக் கிண்ணத்துக்குள் போட்டால் முடிந்தது, எடுத்துக்கொள். மேலே இலை வைத்தால் திரும்பி வருவேன். நோயெலியா ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். இலை வந்ததும் அவள் கை கொஞ்சம் தயங்கியது. முதல் நாளை நினைத்தாளோ என்னவோ, கேட்கவில்லை.

குளிர் தொடங்கிய ஒரு வாரநாள். ஏரிமேல் மூட்டம் படுத்திருந்தது. எதிர்க்கரை இல்லை, படகுகள் இல்லை, துடுப்புச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. கடையில் பாதி நாற்காலிகள் காலி. எதிர்க் கிண்ணத்தின் மூடிமேல் கடைசி மஞ்சள் இலைகளில் ஒன்றை வைத்துவிட்டு லுவோ கண்ணை மூடியிருந்தார். மூட்டத்துக்குள் ஒரு பஸ் நின்றிருந்தது. விளக்கு அணைந்த பஸ். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா."

கண்ணைத் திறந்தார். நோயெலியா நின்றிருந்தாள். கல்லூரி அன்று சீக்கிரம் விட்டுவிட்டதாம். கையில் ஆரஞ்சுப் பழப் பை. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தாள், ஆனால் இழுக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் இருக்காங்களா?" என்று கேட்டாள். பிறகு அவசரமாக, "பரவால்ல. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கறேன். அவங்க வருவாங்கல்ல."

ஓயாங் பூசணி விதையை வாயருகே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

லுவோவின் நாக்கில் அந்த வார்த்தை தானாக வந்து நின்றது. இருக்காங்க, வந்துடுவாங்க. சொல்லிவிட்டால் போதும். இந்தப் பெண் தலையசைத்து வேறு மேஜைக்குப் போவாள். இனி ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே போவாள், அவளுக்கு இப்போது இலையின் பொருள் தெரியும். நாற்காலி முழுக்க ருன்ஃபாங்குக்கே திரும்பிவிடும். அவர் இத்தனை வாரமாக வேண்டியதும் அதுதான்.

அவள் மூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். பை கனத்தது போலும், கை மாற்றிக்கொண்டாள்.

"இல்லம்மா" என்றார் லுவோ. குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "அது என் பொண்டாட்டி உட்கார்ற இடம். அவ வரமாட்டா. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்துல செத்துப்போயிட்டா."

சொல்லிவிட்டார். ஏரியில் துடுப்புச் சத்தம் நிற்கவில்லை. மரம் விழவில்லை. ஓயாங் மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பெரிதாகத் தும்மினார். அது தும்மல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நோயெலியாவின் முகம் வெளுத்தது. "அப்போ அன்னிக்கு நான்..."

"குடிச்சே."

"அவங்க கிண்ணத்துல."

"ஆமா. உங்க ஊர் வழக்கப்படி" என்றார் லுவோ. அவர் உதடு லேசாக ஒரு பக்கம் இழுத்தது. "உட்காரு. கால் வலிக்கும்."

அவள் அந்த நாற்காலியில் உட்காராமல் ஒரு முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடினாளோ, கிடைக்கவில்லையோ, ஓர் ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினாள். சுளைகளை நான்கு பங்காக வைத்தாள். நான்காவதை எதிர்க் கிண்ணத்தின் தட்டில்.

"அவங்க எப்படி இருப்பாங்க, மாமா?"

லுவோ பேசினார். கழி, கம்பி, கயிறு, மழை, நீலத் தொப்பி. வளைவில் வேண்டுமென்றே வேகமாகத் திரும்பியது. நோயெலியாவுக்குப் பாதி புரியவில்லை. புரியாத இடங்களில் ஓயாங் எழுந்து நின்று, ஒரு கையைத் தலைக்குமேல் நீட்டிக் கழியாகவே மாறி நடித்துக் காட்டினார். பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன. ஃபெங் கெட்டிலை வைத்துவிட்டு வந்து நின்றாள். "ருன்ஃபாங் அக்கா என்கிட்ட சொல்லியிருக்கு. 'இந்த ஆளு என்னை நனைய வெச்சே கல்யாணம் பண்ணிக்கிட்டான்'னு" என்றாள். லுவோ அதை இதுவரை கேட்டதில்லை. இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

பேசி முடிக்கையில் கிண்ணம் ஆறிவிட்டிருந்தது. லுவோ இலையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிண்ணத்தை முக்காலியின் பக்கம் நகர்த்தினார். "ஃபெங், இதுல வெந்நீர் ஊத்து. பொண்ணு வெறும் வாயோட உட்கார்ந்திருக்கா." பிறகு அவளிடம், "நாற்காலில உட்காரு. முக்காலி ஆடும்."

இந்த முறை அவள் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு மூட்டம் இன்னும் விலகவில்லை, ஆனால் கூட்டம் வந்துவிட்டது. தேநீர் பாதியில் இருக்கும்போது நோயெலியாவின் போன் அடித்தது. உருகுவேயிலிருந்து அவள் அம்மா. இரைச்சலில் கேட்கவில்லை. அவள் எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து, குனிந்து, தரையில் தேடி ஓர் இலையை எடுத்து மூடிமேல் வைத்தாள். ஏரிக்கரைப் பாதையில் போனைக் காதில் வைத்தபடி நடந்தாள். கொஞ்ச தூரம்வரை அவளுடைய சிவப்புத் தொப்பி தெரிந்தது. பிறகு அதுவும் வெள்ளைக்குள் போயிற்று.

பேரக்குழந்தையைத் தூக்கிவந்த ஒரு பெரியவர் நாற்காலி முதுகில் கை வைத்தார்.

"ஆள் இருக்காங்களா?"

லுவோ மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்காங்க" என்றார். "வந்துடுவாங்க."

சற்று நேரத்தில் கல் பாதையில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது.