வண்டிக்குள் அவர் மாமா

வேன்காரரைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரிடம் குறை கண்டுபிடிக்க ஆயிரம் இருக்கும்: தாமதம், வேகம், பாட்டுச் சத்தம். இவரிடம் ஒன்றும் தேறாது. இறங்கிய பிள்ளை வீட்டுக்குள் போய்த் திரும்பிக் கையாட்டும்வரை வண்டியை நகர்த்தமாட்டார். பின்னால் நிற்பவன் ஹாரனை அலறவிட்டால், "உங்க வீட்டுப் பிள்ளைக்கும் இப்படித்தான் நிப்பேன் சார்" என்பார். அதோடு ஹாரன் ஓயும்.

அந்த வண்டியில் போகிற பிள்ளைகளில் ஒருத்தி அவர் மகள், சிட்டு. மகள் என்று தெரு சொன்னது, பள்ளிக்கூடம் சொன்னது. சட்டம் மட்டும் சொல்லவில்லை. வம்பே அதில்தான்.

சிட்டு தவழ்கிற வயதில் அவளைப் பெற்றவன் வெளிநாட்டு வேலைக்கென்று போனான். கொஞ்ச நாள் போன் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அவள் அம்மா மருந்துக்கடையில் பில் போட்டுப் பிழைத்தாள். தலைவலி மாத்திரை வாங்கப் போன வேன்காரருக்கு அடிக்கடி தலைவலி வர ஆரம்பித்தது. கடைசியில் தாயும் பிள்ளையும் துணி மூட்டையோடு அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஊர் நாலு நாள் மென்றுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனது.

விவாகரத்துக்கு மனு போடலாம், பிள்ளையை முறைப்படி தத்தெடுக்கலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"சும்மா கிடக்கற சங்கை ஏன் ஊதணும்? நோட்டீஸ் போனா அவன் வந்து நிப்பான். இருக்கற மாதிரியே இருந்துட்டுப் போவோமே," என்றாள் அவள்.

சரி என்று விட்டுவிட்டார். சிட்டுவுக்கு மூச்சிரைப்பு உண்டு. இழுக்கும்போது அவளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, இன்ஹேலரைப் பிடித்து, முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். அம்மா பதறிப்போவாள். அவர் மடியில்தான் அந்தப் பிள்ளைக்கு மூச்சு அடங்கும். இதற்கெல்லாம் எந்த ஆபீஸில் சீல் குத்துவார்கள்?

அவள் முதன்முதலாக வண்டியில் ஏறிய வாரம் ஒரு சண்டை வந்தது. ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டு, "இது எங்க அப்பா வண்டி" என்று மற்றவர்களை விரட்டிவிட்டாள். ஒரு வாண்டு அழுதது. அன்று சாயங்காலம் வேன்காரர் அவளை உட்காரவைத்து ஒரு சட்டம் போட்டார். அவர் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

"இந்தச் சாம்பல் சட்டை போட்டிருந்தா நான் எல்லாருக்கும் மாமா. உனக்கும் மாமா. வீட்டுக்கு வந்து கழட்டினதும் உனக்கு மட்டும் அப்பா. வீட்ல கூப்பிடறதை வெளியில யாருகிட்டயும் சொல்லக்கூடாது, மத்த பிள்ளைங்க மனசு நோகும். சரியா?"

அவளுக்கு அது விளையாட்டாகிப் போனது. வண்டியில் தூக்கக் கலக்கத்தில்கூட ஒருமுறையும் அவள் வாய் தவறவில்லை. அப்பன் எவ்வழி, மகள் அவ்வழி.

மஞ்சள் காமாலை முற்றி அம்மா செத்துப்போனாள். செய்தி எப்படித்தான் கடல் தாண்டியதோ, பெற்றவன் வந்து இறங்கினான். குடிகாரனாக வந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அவன் கண் கலங்க வந்து, பிள்ளையைத் தன்னோடு அனுப்பச் சொன்னான். வேன்காரர் மறுத்தார். கோர்ட்டுக்குப் போனான்.

நீதிபதி ஒரு பெண்மணி. தன் அறைக்கே எல்லாரையும் கூப்பிட்டு, சிட்டுவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். காலை டிரிப்பை முடித்த கையோடு வேன்காரர் ஓடிவந்திருந்தார். உடை மாற்ற நேரமில்லை. சாம்பல் சட்டை, தோளில் வியர்வை.

"இவர் யாரு கண்ணு உனக்கு?"

சிட்டு அவர் சட்டையைப் பார்த்தாள். சரியான விடை தெரிந்த பிள்ளையின் பெருமை அவள் முகத்தில் வந்தது.

"டிரைவர் மாமா."

வேன்காரர் ஓரடி முன்னால் வந்தார். "வீட்ல என்னை என்னன்னு கூப்பிடுவாள்னு கேளுங்கம்மா" என்றார். நீதிபதி அதையும் கேட்டார். சிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வேன்காரரையே பார்த்தாள். சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாரே.

"சொல்லுடா தங்கம், பரவால்ல, சொல்லு," என்று அவர் கெஞ்சினார்.

"நீங்க சொல்லிக் குடுக்காதீங்க," என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். பிள்ளை மிரண்டுபோய் அழ ஆரம்பித்துவிட்டாள்.

தீர்ப்பு பெற்றவன் பக்கம் போனது. நீதிபதி குரலைத் தாழ்த்தி, "நீங்க வளர்த்தது பொய்யில்லங்க. தார்மீகமா உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா அதை வச்சு உத்தரவு போட எனக்குச் சட்டத்துல இடமில்ல," என்றார்.

"அப்போ அந்த உரிமையை நான் எங்க கொண்டுபோய்க் கேக்கறதும்மா?"

நீதிபதி அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்தார். முகம் என்னவோ நன்றாக இல்லை.

வராந்தாவில் வேன்காரருடைய வக்கீல், "அவ அப்பான்னே சொல்லியிருந்தாலும் இதே தீர்ப்புதாங்க. பெத்தவன் உயிரோட இருந்து கேக்கறான்," என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். வேன்காரருக்கு விளங்காமல் இல்லை. வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், ஓட்டுகிறவன் யாராயிருந்தால் என்ன? ஆனாலும் தன் வாயால் போட்ட அந்தச் சட்டத்தை நினைத்து நினைத்து அவர் வெந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. வேன்காரர் பெட்டியை ஏற்றிவிட்டு, இன்ஹேலரைப் பெற்றவனின் கையில் கொடுத்துப் பிடிக்கிற விதம் காட்டினார். அவன் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டான்.

"அப்பப்போ போன் பண்ணலாங்களா?"

"கொஞ்ச நாள் வேணாங்க. எங்கிட்ட பழகட்டும்."

சரியென்று தலையாட்டினார். வேறென்ன செய்ய? சிட்டு கார்ப் பக்கம் போகாமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, ஏன் என்னைக் கொடுத்துட்ட?"

அவர் குந்தி உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் கொடுக்கலம்மா. கொடுக்கிறியான்னு யாரும் என்னைக் கேக்கவே இல்ல."

"கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா, உசுரே போனாலும் கொடுத்திருக்க மாட்டேன்."

பெற்றவன் வந்து பிள்ளையின் தோளைத் தொட்டு அழைத்துப் போனான். அப்பா சொன்னதை அவள் நம்பினாளா என்று தெரிவதற்குள் கார்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.