சாயாத நாற்காலி

முடிவெட்டுகிறவர் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தால்தான் அதிசயம். அதிலும் தெருவே ‘கத்திரிக்காரர்’ என்று கூப்பிடும் இந்த மனிதருக்குக் கத்திரியைவிட வாய் வேகம். கிருதாவில் தொடங்கும் பேச்சு பிடரிக்கு வருவதற்குள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். நாற்காலியில் இருப்பவர்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் ‘உம்’ கொட்டிக்கொண்டே வேறு எதையோ யோசித்துக்கொண்டிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் பேசுவார்.

ஒரு விடுமுறை நாளில் நாய்க் காப்பகத்திலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். சடை பிடித்துப்போன ஒரு நாய்க்கு முடி வெட்ட வேண்டும். மெஷின் சத்தம் கேட்டாலே மிரளுகிறது, கத்திரிதான் சரிப்படும் என்றார்கள். போனார். வெட்ட வெட்ட நாய் சிறுத்துக்கொண்டே வந்தது. முடியெல்லாம் தரைக்குப் போனபிறகு எஞ்சியது விலா எலும்பும் இரண்டு கண்ணும்தான். அந்தக் கண்கள் அத்தனை நேரமும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பேச்சு முடியும்வரை நாய் அசையவில்லை.

“ஏன் இப்படி வத்திப் போய் இருக்கு?” என்று காப்பகத்துப் பெண்ணிடம் கேட்டார்.

“நல்லாத்தான் சாப்பிடுதுங்க. ஆனா ஒண்ணும் தங்கமாட்டேங்குது, அப்படியே வெளிய வந்துடுது. அதனாலதான் யாரும் கூட்டிட்டுப் போகல.”

“நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார் கத்திரிக்காரர். யோசித்துப் பேசும் வழக்கம்தான் அவருக்கு எப்போதுமே கிடையாதே.

வீட்டு வாசலில் மனைவி வழிமறித்தாள். “முடி வெட்டப் போனா, வெட்டின தலையையும் சேத்துத் தூக்கிட்டு வருவீங்களா? நாளைக்குக் கடைக்கு வர்றவங்களையும் இப்படித்தான் ஒவ்வொருத்தரா கூட்டிட்டு வரப்போறீங்களா?” கேட்டுக்கொண்டே உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு வந்தவளும் அவள்தான். நாய் தட்டைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தது. “பாருங்க, உபசாரம் பத்தலயாம். மாப்பிள்ளை மாதிரி நிக்கிறதப் பாருங்க” என்றாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரே மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. “எனக்கு நல்லா தேடியிருக்கீங்கப்பா” என்று அவள் சிரித்தாள். மாப்பிள்ளை என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் சாப்பிட்டதெல்லாம் தரையில் கிடந்தது.

மறுநாள் கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். நிதானமாகப் பேசும் பெண்மணி. “உணவுக்குழாய் தளர்ந்துபோயிருக்கு. சாப்பாட்டக் கீழ தள்ளுற சக்தி அதுக்கு இல்ல. நாலு கால்ல நின்னு சாப்பிட்டா குழாய்லயே தேங்கி, திரும்ப வந்துடும். மனுசங்க மாதிரி நிமிர்ந்து உக்காந்து சாப்பிடணும். சாப்பிட்டு முடிச்சும் அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தா, சாப்பாடு தன் கனத்துலயே இறங்கிடும். அதுக்குள்ள மட்டும் படுக்க விட்டுடாதீங்க. மூச்சுக்குழாய்ல போயிடும்.”

“மருந்து எதுவும் இல்லீங்களா டாக்டர்?”

“இதுதான் மருந்து. அடுத்த மாசம் எடை போட்டுப் பாப்போம். ஏறியிருந்தா பொழைச்சுக்கும். ஏறலைன்னா ரொம்ப நாள் தாங்காது.”

குடும்பமே களத்தில் இறங்கியது. தலையணைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள், வழுக்கி விழுந்தது. மனைவி குழந்தையைப்போல மடியில் நிமிர்த்திப் பிடித்தாள்; முகத்தை நக்கியே தீர்த்தது. மகள் அழுக்குத்துணிக் கூடைக்குள் இறக்கினாள். கூடையும் மாப்பிள்ளையும் சேர்ந்து உருண்டார்கள். கத்திரிக்காரர் திடீரென்று துள்ளி எழுந்தார்.

“நம்ம கடையில என்ன இருக்கு சொல்லு.”

“முடி” என்றாள் மனைவி.

“நாற்காலி இருக்குடி, நாற்காலி!”

கடையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. கனமானது, கைப்பிடி வைத்தது, பின்னால் தலைதாங்கி. சின்னப் பிள்ளைகளை உயரமாக உட்கார வைக்க, கைப்பிடிகளின் மேல் குறுக்கே போடும் பலகையும் இருந்தது. மாப்பிள்ளையை உட்கார வைத்து, முதுகை நாற்காலியோடு சேர்த்து, முன்னங்கால்களைப் பலகையில் வைத்தார். முடிவெட்டும்போது போர்த்துகிற துணியால் மார்பைச் சுற்றி, நாற்காலிக்குப் பின்னால் முடிந்தார். கண்ணாடியில் தெரிந்த நாயைப் பார்த்து மாப்பிள்ளை உறுமியது. “அவரும் நம்ம கஸ்டமர்தான், கண்டுக்காத” என்று சமாதானம் சொன்னார். வேகவைத்து மசித்த கோழியை உருண்டை உருண்டையாக ஊட்டினார். ஊட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஒருவரை அசையாமல் உட்கார வைப்பதற்குப் பேச வேண்டும் என்று யாராவது அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

ஒரு துணுக்குகூட வெளியே வரவில்லை. கத்திரிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிர்க்கடைக்கு ஓடிச் சொன்னார். போகிற வருகிறவர்களை நிறுத்திச் சொன்னார். வாரம் தவறாமல் ஷேவிங்குக்கு வரும் மீசைக்காரர் வாசலில் காத்திருந்தார். “தங்கிடுச்சுங்க, தங்கிடுச்சு” என்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். என்ன தங்கியது என்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அதன்பின் கடையில் மாப்பிள்ளைக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. விலா எலும்புகள் மெல்ல மறைந்துகொண்டு வந்தன. ஒரு நாள் அது செருப்பொன்றைக் கவ்விக்கொண்டு தெருவெல்லாம் ஓடியபோது, “பாரு, திருடக்கூட தெம்பு வந்துடுச்சு” என்று பூரித்துப்போனார். செருப்பு அவருடையதுதான்.

எடை பார்க்கும் நாள் நெருங்கிய சமயத்தில்தான் அது நடந்தது. மாப்பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தது. மதிய வெயில், மின்விசிறிக் காற்று, கத்திரிக்காரரின் பேச்சு. அதற்குக் கண் சொக்கியது. இத்தனை வருடத் தொழிலில், நாற்காலியில் இருப்பவருக்குக் கண் சொக்கினால் அவருடைய கை ஒரு வேலை செய்யும். பின்னால் போய் லீவரை அழுத்தும். நாற்காலி மெதுவாகச் சாயும். ஆள் சுகமாகத் தூங்குவார். அன்றைக்கும் பேச்சு பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, கை பாட்டுக்குப் போய் அழுத்திவிட்டது.

மாப்பிள்ளை மல்லாந்தது. ஒரு கணம் கழித்துத் திணறியது. அவர் அலறியடித்து நாற்காலியை நிமிர்த்துவதற்குள் சாப்பாடு போகக்கூடாத வழியில் போயிருந்தது.

சாயங்காலமே உடம்பு அனலாகக் கொதித்தது, மூச்சு இழுத்தது. “நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. எப்படி ஆச்சு?” என்று மருத்துவர் கேட்டார். கத்திரிக்காரர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு மெல்லச் சொன்னார். மருத்துவர் திட்டவில்லை. “ஊசி போட்டுப் பாப்போம். இன்னொரு தடவை இப்படி ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

அன்று கடைக்குத் திரும்பியதும் ஸ்பானரை எடுத்தார். “பழக்கத்துல நடந்துபோச்சு, இனிமே ஜாக்கிரதையா இருந்தா போதாதா? நாற்காலிய ஏன் பாழாக்கறீங்க?” என்றாள் மனைவி.

“எனக்கு ஞாபகம் இருக்கும். கைக்கு இருக்காது” என்றார். லீவரைக் கழற்றி மேசைக்குள் போட்டுப் பூட்டினார்.

நாற்காலி இனி யாருக்கும் சாயாது. மீசைக்காரர்தான் மிகவும் வருந்தினார். சாய்ந்து, முகத்தில் நுரையோடு குறட்டை விடுவதற்காகவே அவர் வாரம் முழுவதும் காத்திருப்பவர். “ஒரு நாய்க்காக என் தூக்கத்துல மண்ணப் போட்டுட்டீங்களே” என்றார். கத்திரிக்காரர் அவருடைய தலையைத் தன் வயிற்றில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஷேவ் செய்தார். வேறு என்ன செய்ய?

மகள் வேளை தவறாமல் மருந்து கொடுத்தாள். மாப்பிள்ளை இருமியது, படுத்தது, பிறகு ஒரு காலையில் செருப்பைத் தேடியது. உருண்டைகள் மறுபடியும் தங்கின. ஆனாலும் எடை பார்க்கப் போன அன்று கத்திரிக்காரர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். “நீயே பாரும்மா. எனக்குத் தைரியம் இல்ல.”

“அப்பா, திரும்புங்க. ஏறியிருக்கு, நல்லாவே ஏறியிருக்கு” என்றாள் மகள். மருத்துவர் முள்ளைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். அவர் முன்னிலையிலேயே கத்திரிக்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். வெட்கமாவது ஒன்றாவது.

நேராகக் கடைக்கு வந்தார்கள். பாதி ஷேவிங்கில் கத்திரிக்காரர் விட்டுவிட்டுப் போயிருந்த மீசைக்காரர் ஒரு கன்னத்தில் காய்ந்த நுரையோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. அது போய் அவர் முன்னால் நின்றது. மீசைக்காரர் கத்திரிக்காரரின் முகத்தைப் பார்த்தார். எழுந்து, நாற்காலியைத் தன் துண்டால் தட்டிவிட்டு, “வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க” என்றார்.

மாப்பிள்ளை தாவி ஏறிக் காலைப் பலகையில் வைத்தது. சாப்பிட்டது. கத்திரிக்காரர் எடை ஏறிய கதையை ஆரம்பித்தார். கதை பாதியில் இருக்கும்போது அதன் கண் சொக்கியது. அவருடைய கை, தானாக, நாற்காலிக்குப் பின்னால் போனது. துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை.

வெறுங்கையைப் பார்த்தார். பிறகு அதைத் தூங்கும் தலையின் மேல், நிமிர்ந்தபடியே இருக்கும்படி, வைத்துப் பிடித்துக்கொண்டார்.