என் பிள்ளையைக் கடைசியாகத் தூக்கியவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் தாழ்வான ஒரு சன்னல் இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விடியலில் குழந்தைகளை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். நான் மட்டும் என் மகளை விட்டுவிட்டு நகர மனமில்லாமல் அந்தச் சன்னலோரமே நிற்பேன். என் அம்மா என்னைச் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவர். சித்தியோ என் படிப்பை நிறுத்தி, கொழும்பில் ஒரு வீட்டுக்கு என்னை வேலைக்கு அனுப்பிவிட்டாள். சொந்த இரத்தமே அப்படி என்றால் அடுத்தவர் எம்மாத்திரம்? "ஆளை நம்பாதே, ஆண்டவரை நம்பு" என்று எங்கள் சபையில் சொல்வார்கள். அதில் முதல் பாதியை நான் நன்றாகவே படித்து வைத்திருந்தேன்.

ஆயாவுக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையக் கேலி. "ஏன்டி, ஒங்க சாமியே தன் புள்ளைய மனுசங்கள நம்பித்தான குடுத்துச்சு? அதுவும் ஒரு தச்சன் வீட்ல. நீ என்னமோ கோயில் நகையக் குடுக்கிற மாதிரி நிக்கிற" என்பாள். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். மலையில் செடி வரிசையில் நிரை பிடித்துக் கொழுந்து கிள்ளும்போதும் கண் கீழே மடுவத்துக் கூரையையே தேடும். "மூஞ்சிய நிரையில வையி" என்று கங்காணி அதட்டாத நாளில்லை.

ஒரு மத்தியானம் அடைமழையில் மடுவத்துக்குப் பின்னால் மண் சரியத் தொடங்கியது. நாங்கள் இறங்கி ஓடிவந்தபோது, மடுவத்துக்குப் போகும் ஆற்றுப் பாலத்தின் மேலேயே வெள்ளம் போனது. கங்காணி யாரையும் கடக்கவிடவில்லை. அக்கரையில் ஆயா தனியாளாக, இடுப்பில் ஒன்று தோளில் ஒன்றாகப் பிள்ளைகளைத் தூக்கி, மேட்டிலிருந்த கோயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்ப ஓடினாள். ஒவ்வொரு தடவையும் என் மகளைத் தேடினேன். யார் யார் பிள்ளைகளோ வந்தன. தொண்டை கிழியக் கத்தினேன். அவள் நின்று என் பக்கம் பார்த்தாள். பொறு என்று கையைக் காட்டிவிட்டு மறுபடியும் உள்ளே போனாள். எனக்கு ஜெபம்கூட வரவில்லை. கடைசியாக, கம்பளியில் சுற்றிய என் மகளோடு வெளியே வந்தாள்.

தண்ணீர் வடிந்ததும் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பறித்தேன். "ஏன் எம் புள்ளைய மட்டும் கடைசியா எடுத்த?" என்று கேட்டேன்.

"அது தூங்கிக்கிட்டு இருந்துச்சு. முழிச்சிருந்ததுகள மொதல்ல தூக்கினேன். இல்லாட்டி தெசைக்கொண்ணா ஓடியிருக்கும்" என்றாள். பிறகு மெதுவாக, "நீ கத்துனியே, அதுல எனக்குக் கை நடுங்கிப் போச்சு. கொஞ்சம் என்னைய நம்பி சும்மா இருந்திருந்தா இன்னும் வெரசா வந்திருப்பேன்" என்றாள். கேலி இல்லாமல் அவள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் கோயில் மண்டபத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மகளை நீட்டினேன். கால் நகரவில்லை. அதுவரை "மனுசர் கையிலிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றும்" என்று ஜெபித்துக்கொண்டிருந்தவள், அன்று, "ஆண்டவரே, இவள் கை நடுங்காமல் பார்த்துக்கொள்ளும்" என்றேன். பிறகுதான் மலையேறினேன், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான்.

இன்று காலை, வளர்ந்துவிட்ட அந்த மகள் கொழும்பில் வேலைக்குச் சேர ஹட்டனில் பஸ் ஏறினாள். போய்ச் சேர்ந்தேன் என்று அவள் சொல்லும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். பஸ் போகும் வழியில் கினிகத்தேனைப் பக்கம் நல்ல மழையாம். ட்ரைவரின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அவர் கைக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.