வாய் வரை ஊற்றிய தண்ணீர்

எங்கள் ஜெனரேட்டரின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். தேயிலை ஃபேக்டரியில் பதினான்கு வருடம் மெஷின்களுக்கு நடுவில் நின்ற காது இது. ஃபேக்டரியை மூடிய பிறகு, எஸ்டேட் ஏரியில் பேட்டரியில் ஓடும் சுற்றுலா போட் ஒன்றை ஓட்ட எங்கள் பெண்கள் குழுவுக்கு அனுமதி கிடைத்தது. மொத்தம் ஏழு பேர். ஓட்டுவது நான், சார்ஜ் போடுவதும் நான்.

ஏரிக்கரைக்கு இன்னும் கரண்ட் கம்பம் வரவில்லை. அதனால் வண்டிப்பெரியாரிலிருந்து கேனில் பெட்ரோல் வாங்கி வந்து, தினமும் காலையில் கையால் தூக்கக்கூடிய சின்ன ஜெனரேட்டரைக் கரையில் ஒரு பலகைமேல் வைத்து ஓட்டுவோம். காற்று அடிக்கும் திசையைப் பார்த்துப் புகைக்குழாயைத் திருப்பி வைத்துக் கயிற்றை இழுத்தால் இரண்டாவது இழுப்பில் கிளம்பிவிடும். கிளம்பிய உடனே சார்ஜரை மாட்டினால் திணறி நின்றுவிடும். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு, குறைந்த அளவில் ஆரம்பித்து, அது முனகாத வரைக்கும் ஏற்ற வேண்டும்.

போட்டின் இருக்கைகளுக்கு அடியில் எட்டு பேட்டரிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று மூடி. உள்ளே ஆசிட் தண்ணீர் குறைந்தால் பேட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதையும் சார்ஜ் ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று விற்றவர் சொன்னார். அவர் போன பிறகு, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி மற்றவர்களுக்கு அதை நான் பாடம் எடுத்தேன்.

என் வீட்டுக்காரரின் தங்கையும் குழுவில் இருக்கிறாள். எனக்கு இரண்டே வயது இளையவள். ஆறு மாதமாகக் காலி போட்டை ஓட்டிப் பழகி, கரையில் ஒட்டவும் திருப்பவும் நன்றாகத் தேறிவிட்டாள். விஜயதசமி அன்றைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு அவள் முதல் சவாரி போவதென்று குழுவில் முடிவாகியிருந்தது. எஸ்டேட்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீடு பாக்கி விடாமல் சொல்லிவைத்திருந்தாள். ஒரு கறுப்புக் கண்ணாடிகூட வாங்கிவிட்டாள். "போட்டு ஓட்டவா போற, சினிமாவுக்கா?" என்று கேட்டேன். சிரித்தாளே தவிர கண்ணாடியைக் கழற்றவில்லை.

இங்கே ஆயுத பூஜைக்கு ஒரு பொருளை வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை முடித்து எடுக்கும் வரை தொடக்கூடாது. நடுவில் ஒரு நாள் முழுக்க லீவு. அதற்கு முந்தின நாள் மாலை கடைசி சவாரி முடிந்ததும், சார்ஜ் போட நேரமில்லாமல், ஜெனரேட்டரையும் போட்டையும் கழுவித் துடைத்து வைத்தோம். பேட்டரி மூடிகளைத் திறந்தேன். தண்ணீர் குறைந்திருந்தது. பூஜைக்கு வைக்கிற குடத்தை யாராவது அரைகுறையாக வைப்பார்களா? இருபத்திநாலு குழியையும் வாய் வரை நிரப்பி மூடினேன். நான் எடுத்த பாடம் எனக்கே அந்த நேரம் உறைக்கவில்லை. மனசு அவ்வளவு நிறைவாக இருந்தது. நாத்தனார் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து வீட்டில் செய்த குங்குமத்தைக் கிண்ணத்தில் குழைத்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

விஜயதசமி காலை. சூடத்தைப் பேட்டரி பக்கம் கொண்டுவராதீர்கள் என்று அதட்டி, தள்ளி நின்று காட்டவைத்து, பூஜையை முடித்தோம். ஜெனரேட்டர் முதல் இழுப்பிலேயே கிளம்பியது, சார்ஜரை மாட்டினேன். தேனியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அப்போதே கரையில் காத்திருந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். இருக்கைக்கு அடியிலிருந்து சுர்ரென்று சத்தம், தொண்டையைப் பிடிக்கிற நெடி. பலகையைத் தூக்கினால், பேட்டரிகளின் தலையெல்லாம் நனைந்து, குங்குமம் நுரைத்து மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது.

சார்ஜரைப் பிடுங்கினேன். கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏட்டி, பேட்டரிக்கு எதுக்குட்டி பொட்டு வச்ச? இது என்ன அம்மிக்கல்லா?"

"லேசாத்தான் வச்சேன் மதினி."

"லேசா வச்சதுதான் இந்தா நுரைக்கி. கை வைக்கத் தெரியாதவ எல்லாம் போட்டு ஓட்டப் போறாளாம்!"

குழுத் தலைவியான அக்கா எட்டிப் பார்த்தார். பொங்கி வழிவதைப் பார்த்தவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. "நீயே ஓட்டு. அவ இனி போட்டுப் பக்கம் வர வேண்டாம், அடுப்பங்கரையப் பாக்கட்டும்" என்றார். எல்லோர் முன்னாலும். நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி மடித்து, டீ போடும் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

நான் கையுறை மாட்டிக்கொண்டு, ஆசிட்டை முறிக்க ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். இந்த மாதிரி வேலையில் எனக்குக் கை பிசகாது. முன்வரிசை நான்கையும் முடித்துப் பின்வரிசைக்கு வந்தேன். அங்கேயும் தலையெல்லாம் ஈரம். ஆனால் பின்வரிசைக்குக் குங்குமமே வைக்கவில்லை. முன்வரிசை நான்கோடு அவளுடைய குங்குமக் கிண்ணம் காலியாகியிருந்தது. ஒரு மூடியைத் திறந்தேன். உள்ளே வாய் வரைக்கும் தண்ணீர்.

சார்ஜ் ஏறும்போது ஆசிட் சூடாகிக் குமிழிவிட்டு மேலே வரும். அதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன். வெளியே வந்த ஆசிட் பட்டுத்தான் குங்குமம் நுரைத்ததே தவிர, குங்குமம் ஒரு பாவமும் செய்யவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்த எண்ணம் மூடியைத் திரும்பப் போட்டுவிடலாம் என்பதுதான். யாருக்கும் தெரியப்போவதில்லை. ரப்பர் பல்ப் வைத்த உறிஞ்சு குழாயால் கூடுதல் தண்ணீரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இருபத்திநாலு குழியிலும் எடுத்து முடித்தேன். சார்ஜரைக் குறைந்த அளவில் வைத்து மறுபடி ஓடவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு சவாரிக்கு வேண்டியது ஏறிவிடும் என்று கணக்குப் போட்டேன், ஏறியது. தேனிக்காரர்கள் டீ குடித்து, பக்கத்து மேட்டில் படமெடுத்துத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு அந்த டீயைக் கொடுத்தவள் அவள்தான். குனிந்த தலை நிமிரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் ஓட்டுகிற இருக்கையில் போய் உட்கார முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன். திட்டியபோது யார் யார் நின்றார்களோ அத்தனை பேரையும் கூப்பிட்டேன். "பொங்குனதுக்குக் காரணம் குங்குமம் இல்ல. சார்ஜ் போடுறதுக்கு முன்னாடியே தண்ணிய வாய் வரைக்கும் ஊத்தி வச்சது நான். அவ மேல ஒரு தப்பும் கெடையாது. அவதான் ஓட்டணும்" என்றேன். மன்னிப்பு என்ற சொல் எனக்கு வாயில் வராது. இதுவே பெரிது.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாவியை என் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். என் பக்கத்தில் வந்தபோது மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் மதினி. நீங்க ஊத்துறப்ப நான் பக்கத்துலதான நின்னேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? அப்பயே சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா கேட்டுருப்பீயளா?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள், பதிலுக்காக நின்றாள். கரையில் எல்லோரும் போட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து, அவர்கள் ஏறி முடிக்கும் வரை போட்டைக் கரையோடு பிடித்துக்கொண்டேன்.