காதில் விழுந்த புரோட்டீன்

என் மகனுக்கு ஏழு வயது நடந்தபோது, தரையில் உட்கார்ந்தால் நேராக எழுந்திருக்க முடியாமல் போயிற்று. முதலில் குப்புறத் திரும்புவான். பிறகு முழங்கால், தொடை என்று தன் உடம்பின் மேலேயே கையை ஊன்றி ஊன்றி ஏறி நிற்பான். கடலூரில் பார்த்தவர்கள் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பி, முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டார்கள். அது 2006.

டாக்டரம்மா அவசரமில்லாமல்தான் பேசினார். தசை நோய் என்றார், பெயரைச் சொன்னார், இன்னும் எத்தனை வருடங்கள் என்றும் சொன்னார். வருடங்கள் என்றதுமே என் காது அடைத்துக்கொண்டது. ஒரு வாக்கியம் மட்டும் உள்ளே போய் நின்றது.

"தசைக்கு வேண்டிய ஒரு புரோட்டீன் இவன் உடம்புல உண்டாகறதில்ல சார்."

நான் பி.காம். படித்தவன். புரோட்டீன் என்றால் பருப்பு, பால், முட்டை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. உண்டாகவில்லை என்றால் கொடுத்துவிட்டால் போயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கிட்டத்தட்ட சந்தோஷமாகவே இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கியதும் ஒரு அட்டை முட்டை வாங்கினேன்.

காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. நடுவில் சுண்டல், பாலில் கலக்கும் மாவு. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் என் மைத்துனர் வாராவாரம் ஒரு பையோடு வந்துவிடுவார். முட்டையைவிட முந்திரியில்தான் சத்து ஜாஸ்தி என்று அடித்துச் சொல்வார். "என்னடா மாப்ள, அடுத்த மாசம் மாமாவையே தூக்கிடுவ போலருக்கே" என்பார். மகன் வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரிப்பான்.

போதும் என்று அவன் சொன்னால் "ஓடணுமா, வேணாமா?" என்று கேட்பேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அவன் ஓட ஆசைப்பட்டான், என்னை நம்பினான், விழுங்கினான். ஒரு நாள் என் மனைவி தட்டை இழுத்துக்கொண்டு, "வுடுங்க, புள்ளைக்கு மூச்சு வாங்குது" என்றாள். பிள்ளை நடக்க வேண்டாமா என்று அவள் மேல் கத்தினேன்.

ஆறு மாதத்தில் கன்னம் உப்பி, வயிறு தள்ளியது. பஸ் படியில் அவனைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. மறுபடி சிதம்பரம் போனபோது எடை பார்த்த டாக்டரம்மா, என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். நான் பெருமையோடு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சாப்புடற புரோட்டீன் வயித்துல துண்டு துண்டா உடைஞ்சிடும் சார். அந்தத் துண்டுங்க இவனுக்கு நெறையவே இருக்கு. அத எந்த வரிசையில கோக்கணும்னு டி.என்.ஏ.வுல எழுதியிருக்கு பாருங்க, அந்த எழுத்துலதான் தப்பு."

ஒரு தாளை எடுத்து 'அக்கா பழம் தந்தா' என்று எழுதினார். உடம்பிலுள்ள செல் இதை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும் என்றார். பிறகு 'க்' மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி மூன்று மூன்றாகப் பிரித்தார். அகாப ழம்த ந்தா. இதைப் படித்து செல் எதைச் செய்யும்? பாதியில் விட்டுவிடுகிறது. என் மகனுக்கு விடுபட்டிருந்தது ஓர் எழுத்து மட்டும் இல்லை, பெரிய துண்டு. கருவாகும்போதே விடுபட்டது. வாய் வழியாக அதைக் கொடுக்க முடியாது.

இந்தக் கால்களுக்கு எடைதான் எதிரி என்றும் சொன்னார். முதல் தடவையே சொன்னாராம். மனைவி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அது கேட்டிருந்தது போலும்.

பத்து வயதுக்கு முன்பே அவன் நடப்பது நின்றது. சக்கர நாற்காலி வந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் டாக்டரம்மாவிடம் அதையே கேட்பேன்: அந்த ஆறு மாதம் நான் சும்மா இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் நடந்திருப்பான்? அதை யாராலும் சொல்ல முடியாது என்பார். சில நாட்கள்தான் என்றாவது சொல்லிவிட்டால் தேவலை என்றிருக்கும். பல மாதங்கள் என்று சொல்லிவிட்டால் என்ற பயமும் இருக்கும். ஆனாலும் கேட்பேன்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒரு தடவை அவனை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் நாற்காலியிலிருந்து அவன் சொன்னான்.

"வுடுப்பா. எனக்குப் பசிச்சிது, சாப்ட்டேன்."

அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அவனுக்குப் பசித்ததில்லை.